கிலோமீட்டர் போட்ட பயண நேரம்

மனைவி ஒரு மாதத்துக்கு மகள் ஊருக்குப் போவதென்று முடிவான அன்றிலிருந்து கிலோமீட்டர் என்று பெயர் வாங்கியவருக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்த நடையை அளந்திருந்தால் பக்கத்து ஊரே வந்திருக்கும்.

கிலோமீட்டர் என்பது லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊர் போய்ச் சேரும் என்று லாரி ஆபீசில் நேரம் குறிப்பவர் அவர்தான். இருபத்தெட்டு வருஷமாகத் தப்பியதில்லை. வீட்டில்தான் தன் துண்டு எந்தக் கொடியில் காய்கிறது என்பதுகூடத் தெரியாது. ஒருமுறை அடுப்பைப் பற்றவைக்கப் போய்ப் பாதிப் புருவத்தைப் பறிகொடுத்தவர்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மா வந்தால் தேவலை என்றாள். அப்பாவையும்தான் கூப்பிட்டாள். லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார். மாடி பால்கனியில் நின்று கீழே பார்க்கவே பயப்படுபவர் விமானத்தில் ஏறுவதாவது! அதை வெளியே சொல்ல முடியுமா?

மனைவியிடம் "போகாதே" என்று சொல்லவும் தைரியம் இல்லை. அவளாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தூரத்தைக் காட்டி மிரட்டுவது என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் பழைய அட்லஸை விரித்து, மனைவியின் தையல் டேப்பை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தார். எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூற்றைம்பது போனால் முழுசாகப் பத்து மணி நேரம்கூடத் தேறவில்லை. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கு யார் பயப்படுவார்கள்?

லாரி புத்தி கைகொடுத்தது. நடுவில் இறங்கி விமானம் மாற ஏழு மணி நேரம். டிரைவர் மாற ஒன்று, எண்ணெய் போட ஒன்று. மேகம் மறித்தால் சுற்றிப் போக இரண்டு. இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் ஐந்து மணி நேரம் வித்தியாசமாம். அதையும் தூக்கிப் போட்டார். இருபத்தாறு மணி நேரம் வந்தது. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மனைவியிடம் போனார்.

அவள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கால் வீங்கும், காது அடைக்கும், இடுப்பு என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"திரும்பி வரும்போதும் இதே நேரம்தானா?"

"அப்போ எதிர்க்காத்து. இன்னும் மூணு மணி நேரம் கூடத்தான் ஆகும்."

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, நல்லவேளை சொன்னீங்க, இது உடம்புக்கு ஆகாதுதான், டிக்கெட் போட்ட இடத்தில் நாளைக்கே பேசிவிடுகிறேன் என்றாள். அன்று முழுக்க கிலோமீட்டரின் கால் தரையில் படவில்லை.

மறுநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கேன்சல் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இருபத்தாறு மணி நேரம் அலைஞ்சு போயிட்டு ஒரே மாசத்துல திரும்பினா உடம்பு தாங்குமா? வர்ற டிக்கெட்டை ஆறு மாசத்துக்குத் தள்ளிப் போட்டுட்டேன்."

கிலோமீட்டர் சோபாவில் சரிந்தார். நடுவில் விமானம் மாற வேண்டியதில்லை, எண்ணெய் நடுவானில் போடமாட்டார்கள், கடிகார வித்தியாசம் பயணத்தில் சேராது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டபடி, "நேரா பத்து மணி நேரம்தான். அதுகூட ஆகாது" என்று ஒப்புக்கொண்டார்.

"தெரியுமே" என்றாள் அவள், பெட்டிக்குள் துணியை மடித்து வைத்தபடி. "ஒம்பதே முக்கால். டிக்கெட்லயே போட்டிருக்கு."