தலையாட்டியது நான் அல்ல, புஷ்

சிட்லபாக்கம்,
வியாழக்கிழமை.

திருச்சியில் வசிக்கும் அன்பிற்குரிய மைத்துனர் ஆஸ்டின் அவர்களுக்கு, அத்தான் அசரியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அக்கா பியூலாவும் சுகம். என் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. உங்கள் பணி ஓய்வு விழாவில் போர்த்திய பதினேழு சால்வைகளையும் போட்டோவில் கண்டு மகிழ்ந்தோம்.

நிற்க. என் எழுபத்தெட்டாம் வருட அம்பாசடரின் முன்பக்கத்தில் பதினோரு வருடமாகக் கடகடவென்று ஒரு சத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் வடிகாலுக்குத் தோண்டுவார்கள், மூடுவார்கள், மூடியது சரிதானா என்று பார்க்க மறுபடியும் தோண்டுவார்கள்; சத்தம் ரோட்டுடையது என்றே நானும் இருந்துவிட்டேன். போன மாதம் ஆலயத்தில் போதகர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே, "அசரியா ஐயா வண்டிய நிறுத்தட்டும், அப்புறம் தொடருவோம்" என்றார். சபையும் கண்ணை மூடியபடியே காத்திருந்தது. அவமானம் தாங்காமல் பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். நாற்பது பேர் நாற்பது வைத்தியம் சொன்னார்கள், ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார், விட்டேன், வண்டி வழுக்கிக்கொண்டே கடகடத்தது. கடைசியில் தாம்பரம் மெக்கானிக் மாரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்குமாம், நம் முழங்கால் ஜவ்வு மாதிரி. "புஷ் எங்க சார் கீது? வெறும் பவுடர்தான் கீது" என்று கையில் கொட்டிக் காட்டினார்.

கூடுவாஞ்சேரியில் வாங்கிய முதல் செட் டிராக்டருக்கு உரியது என்பது சுத்தியலால் அடித்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது செட் பொருந்தியது. கடைசி போல்ட்டை முறுக்கும்போது வழக்கமாக உட்காருகிறவர்களின் பாரம் வண்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும் என்றார் மாரி. ஆகவே பியூலாவை ஆட்டோவில் வரவழைத்து உட்கார வைத்தேன். முறுக்கி முடித்ததும் அப்படியே வீட்டுக்குக் கிளம்பினோம். மச்சான், சத்தமே இல்லை. ஏரிக்கரையில் கொக்கு இறக்கையடிப்பது கேட்டது. அப்போதுதான் பக்கத்து சீட்டிலிருந்து, "தம்பி சாமான் பதினஞ்சாம் தேதி வந்துடும். மாடிச் சாவிய கொடுத்தனுப்பிட்டேன்" என்று கேட்டது.

எந்தத் தம்பி, எந்த மாடி என்றேன். நீங்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் மாடியில் நிரந்தரமாகத் தங்கப்போவதாகவும், இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் சொல்லி வருவதாகவும், ஒவ்வொரு ஞாயிறும் நான் தலையாட்டியதாகவும் சொன்னாள். வீட்டில் வைத்துச் சொல்லக்கூடாதா என்றேன்.

"வீட்ல டி.வி.யப் பாத்துட்டே இருப்பீங்க. கார்லதான் தலையாவது ஆட்டுவீங்க."

ஐயா, யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியில் உட்கார்ந்தவர் எவர் தலைதான் ஆடாமல் இருந்தது? போன கிறிஸ்துமஸுக்கு ஏறியபோது உங்கள் தலையும்தானே ஆடியது, நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்கள்? தேய்ந்த ரப்பர் கொடுத்த சம்மதத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மாடியில் தண்ணீர் ஏறாது, கொசு ஏறும். உங்கள் ட்ரம்பெட் வாசிப்பைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் துளசிங்கம் ஒரு நாளும் பொறுக்கமாட்டார். ஆகையால் சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடும்படி மிகுந்த அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தங்கை டெபோராவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வாழ்த்து. சமாதானத்தின் தேவன் உங்களைத் திருச்சியிலேயே காத்து நடத்துவாராக.

இப்படிக்கு,
அசரியா

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் பியூலாவையும் ஏற்றிக்கொண்டுதான் போனேன். இத்தனை வருடத்தில் வேறென்ன சொன்னாய் என்று கேட்டேன். பெட்டியைத் தாண்டிப் பெருங்களத்தூர் வரை ஓட்டினேன், அவள் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மகள் கனடா போன அன்று சொன்னதும் அதில் இருந்தது. கடைசியாக, "தம்பி வந்தா, நான் பேசினா திருப்பிப் பேச ஒரு ஆளாவது இருக்கும்ல" என்றாள். மாடிக்கு மோட்டார் போட ஆள் வந்திருக்கிறான். பதினைந்து வரை காத்திருக்க வேண்டாம், பத்தாம் தேதியே வந்துவிடுங்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று.