லோடு வண்டியும் ஜெயப்பிரியாவின் முழு ஓய்வும்

இனிமேல் எதையும் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். தை மாதமே எடுக்க வேண்டிய முடிவு. கொஞ்சம் தள்ளிப்போய் சித்திரையில்தான் எடுக்க முடிந்தது.

என் பெயர் சிவபிரகாஷ். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் டிசைன் வரைகிறேன். பட்டறையில் லாரி வரைவேன், வீட்டுக்கு வந்தால் லாரியைப் பற்றி ஒரு விளையாட்டு எழுதுவேன். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் ஆடுவது. ஒருவர் டிரைவர், ஒருவர் கிளீனர், ஒருவர் புக்கிங் ஏஜென்ட், இன்னொருவர் செக்போஸ்ட் அதிகாரி. நாமக்கல்லில் ஏற்றிய லோடு நாக்பூர் போய்ச் சேர்ந்தால் வெற்றி.

இதற்கான புத்தகத்துக்கு 'லோடு வண்டி' என்று பெயர் வைத்து, அதை அச்சடிக்க இன்டர்நெட்டில் ஊர் உலகத்திடம் முன்பணம் கேட்டேன். கூட்டு நிதி என்பார்கள். கொடுப்பவர்களுக்கு ஆதரவாளர்கள் என்று பெயர். பொங்கலுக்குப் புத்தகம் கையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். எந்தப் பொங்கல் என்று போடாமல் விட்டதுதான் அதில் ஒரே புத்திசாலித்தனம்.

ஆதரவாளர்களுக்கு ஆசை அதிகம். முட்டை லாரி வேண்டும் என்றார் ஒருவர். சரி என்றேன். கொல்லிமலை வளைவில் ஒரு பேய் ஏற வேண்டும் என்றார் இன்னொருவர். அதற்கும் சரி என்றேன். பேய்க்கு டிக்கெட் உண்டா என்று ஒருவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே இருந்ததில் பாதிப் புத்தகம் எழுதாமல் நின்றது. பேப்பர் தட்டுப்பாடு, மழை, அச்சக மெஷின் ரிப்பேர் என்று என்னிடம் இருந்த காரணமெல்லாம் தீர்ந்தும் போயிற்று.

என் மனைவி ஜெயப்பிரியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறை விட்ட அன்றே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, முன்ரூமு பூராப் பகடைப் பொட்டியாக் கெடக்குது. புஸ்தகம் வருமா, வராதா?"

"வண்டி கெளம்பிருச்சு பிரியா."

"என்றகிட்டயே புக்கிங் ஆபீஸ் பேச்சா? வண்டி கெளம்பிருச்சுன்னா டிரைவர் இன்னும் குளிக்கவே போகலீன்னு அர்த்தம். இது வெளியூர்க்காரங்களுக்கு வேணாத் தெரியாம இருக்கும்."

"எழுத எங்க நேரம் இருக்குது?"

"நேரமில்லாத ஆளுங்களா நீங்க? சோபாவுக்கே உங்களப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு."

இப்படிப்பட்ட வீட்டில் கலை எப்படி வளரும்? கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆதரவாளர்களுக்கு அந்த அறிவிப்பை எழுதினேன். 'என் மனைவி உடல்நலம் குன்றிப் படுக்கையில் இருக்கிறார். டாக்டர் முழு ஓய்வு சொல்லியிருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்வதால் எழுத முடியவில்லை.' படித்துப் பார்த்தேன். உருக்கம் பத்தவில்லை. 'கஞ்சி வைத்து ஊட்டுவதும் நானே' என்று சேர்த்தேன். எனக்கே கண் கலங்கியது. நோயாளி அப்போது மொட்டை மாடியில் ஜமுக்காளத்தை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அதில் ஒரு தப்பு. கடையில் காசு கொடுத்தவன் சாமான் வரவில்லை என்றால் திட்டுவான், அத்தோடு போய்விடுவான். முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிறவன் சொந்தக்காரனாகிவிடுகிறான். வீட்டில் நோயாளி என்று கேள்விப்பட்டால் நம் பக்கத்துச் சொந்தக்காரன் என்ன செய்வான் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. கையெல்லாம் இட்லி மாவோடு பிரியா போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் இரண்டு பேர். ஒருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும். ஒரு அம்மா கையில் ஆரஞ்சுப் பை.

"லோடு வண்டி எழுதறவரு ஊடு இதானுங்களே? நான் தனசேகருங்க, திருச்செங்கோடு, போர் போடற ரிக் கம்பெனில இருக்கறன். இவங்க சாரதாமணி மேடம், ராசிபுரத்துல காலேஜ் லெக்சரர். ரெண்டு பேரும் ஆதரவாளருங்க. அவரு சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கறாங்கன்னு போட்டிருந்தாரு. மனசு கேக்கலீங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

நான் பிரியாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். வந்தவர்களை இல்லை, அவளை. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஹார்லிக்ஸைப் பார்த்தாள். பிறகு மாவுக் கையை இடுப்பில் வைத்து, "அம்மா" என்று சுவரோடு சாய்ந்தாள்.

"நாந்தானுங்க அது. பெல் சத்தங் கேட்டு எப்படியோ எந்திரிச்சு வந்துட்டேன். உள்ள வாங்க."

"கையில மாவுங்களே?" என்றார் சாரதாமணி.

"அவரு ஆட்டறதத் தொட்டுப் பாத்தேனுங்க. உப்புப் போட மறந்துட்டாரு."

கைத்தாங்கலாக அவளைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சாரதாமணி தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"குனியப்படாதுன்னாருங்க. அடுப்புப் பக்கமே போகப்படாதாம். மனசுல கவல இருக்கப்படாதாம். எனக்கு இருக்கறது ஒரே கவலதானுங்க. இந்தப் புஸ்தகம். அது கைக்கு வந்துருச்சுன்னா அன்னைக்கே எந்திரிச்சு நின்னுருவனாட்ட இருக்குது."

தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்க இருக்கறமுங்க. மொறை வெச்சு வாரோம். அவங்களுக்குப் பேச்சுத் துணைக்கு நாங்க உக்காந்துக்கறோம். நீங்க சமைங்க, எழுதுங்க. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்."

அவர்கள் போனதும் கட்டிலருகே போனேன்.

"பிரியா, போதும். எந்திரி."

"எதுக்குங்க? முழு ஓய்வு."

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. போனு அங்க கெடக்குது. எம்பட பொண்டாட்டி கல்லாட்ட இருக்கறா, நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. நான் வேண்டாங்கல. அந்த ஆப்பிள நறுக்கிக் குடுத்துட்டு அப்பறமாச் சொல்லுங்க."

நறுக்கிக் கொடுத்தேன். தோல் சீவவில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

அதன்பிறகு நான் பட்ட பாடு எந்த லாரியும் பட்டிருக்காது. விடிந்தால் காபி, பிறகு இட்லி, பிறகு பாத்திரம். பட்டறைக்குப் போய் வந்தால் துணி. முதல் நாள் வைத்த சாம்பாரை அவள் ருசி பார்த்துவிட்டு, இதைப் பூசினால் லாரி துருப்பிடிக்காது என்றாள். சாயங்காலம் ஆதரவாளர்கள் இரண்டு மூன்று பேர் வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டுவிட்டு எழுத உட்கார வேண்டும். வெறுமனே உட்கார்ந்திருக்கவும் முடியாது. "கீபோர்டு சத்தம் நின்னுருச்சுங்களே" என்று உள்ளிருந்து குரல் வரும்.

உள்ளே அவர்கள் என் விளையாட்டை ஆடினார்கள். முன்ரூம் பகடைப் பெட்டி ஒன்று கட்டிலுக்கே போய்விட்டது. தலையணையில் சாய்ந்தபடி பிரியாதான் செக்போஸ்ட் அதிகாரி. அவளிடம் ஒரு வண்டியும் தப்பவில்லை. சிரிப்புச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. காபி கொடுக்கப் போன என்னை ஒருநாள் பிடித்து டிரைவராக உட்கார வைத்தார்கள்.

"பர்மிட் எங்கீங்க?" என்றாள் என் மனைவி.

"வீட்டுலயே வெச்சுட்டேன் மேடம்."

"பொய் சொன்னா வண்டி இங்கயேதான் நிக்கும். போயி ராத்திரிச் சோத்துக்கு ஒல வைங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுதிய விளையாட்டை நாலு பேர் இவ்வளவு சந்தோஷமாக ஆடுவார்கள் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் பேய்க்கு அரை டிக்கெட் என்று முடிவு செய்து, மிச்சமிருந்த அத்தியாயங்களை மளமளவென்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சற்று முன்னால் புத்தகக் கட்டு வந்து இறங்கியது. தனசேகரும் சாரதாமணியும் வந்திருந்தார்கள். பிரியா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டிலை விட்டு இறங்கி நின்றாள். இரண்டு எட்டு நடந்தாள். சாரதாமணி கைதட்டினார். தனசேகர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். பொய்யும் வெளியே வரவில்லை. கரண்டியைக் கொண்டுபோய் மரியாதையாக அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மேடம், இப்ப வுட்டுரலாங்களா?"

"வுடுங்க, வுடுங்க" என்றார் சாரதாமணி.

என் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. கூட்டு நிதி கேட்டுப் புதிதாக ஒரு அறிவிப்பு வந்திருந்தது. 'செக்போஸ்ட்: ஆறு பேர் ஆடும் விளையாட்டு. எழுதுபவர், ஜெயப்பிரியா.' படுத்த படுக்கையாகவே பாதி எழுதிவிட்டாளாம். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் முன்பணம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கடைசி வரியைப் படித்தேன்.

'புத்தகம் வரும் தீபாவளிக்கு உறுதியாக வந்துவிடும். தாமதம் ஆகாது. என் கணவர் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார், சமைக்கவும் பழகிவிட்டார்.'