எச்சிலில் தெரிந்த வம்சம்

ஊரே வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது. எச்சிலைப் பார்த்தே வம்சம் சொல்லும் அணு ஐயா தலைக்கு ஒரு சொட்டு வாங்கினார். கண்ணாடித் துண்டில் தடவினார், புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டார், நுண்ணோக்கியில் வைத்தார். சுவர்த் திரையில் உயிரணு பெரிதாகத் தெரிந்தது. அதற்குள் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். ஐயா மந்திரம் முணுமுணுக்க, புள்ளிகள் துள்ளின. கூட்டம் கைகூப்பியது. படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கூப்பினார்கள்.

எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் மகளுக்குக் கல்யாண நாள் குறித்தபின், சம்பந்தியம்மாள் அவள் எச்சிலையும் ஐயா பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். எங்கள் வீட்டுப் புள்ளிகள் மட்டும் அசையவில்லை.

"அணுவுக்குள்ள நெரிசல்மா. எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. பரம்பரை மந்தம். ஒரு வருஷம் என் மருந்தைக் குடிக்கட்டும். கல்யாணத்தை அப்புறம் பேசுங்க."

நான்கு தலைமுறையாக விடியுமுன் எழும் குடும்பம். எங்களுக்கு மந்தமாம், அதுவும் நூறு பேர் முன்னால். விறைப்பாக எழுந்தேன். மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாக நுண்ணோக்கியும் கையுமாக இருப்பவள்.

"சும்மா இருங்கப்பா. எனக்கு மட்டும் வேற புட்டியில இருந்து விட்டாரு."

வெளியே போய்வந்து ஒரு கண்ணாடித் துண்டை நீட்டினாள். "இந்த வம்சத்தையும் பாருங்க ஐயா."

திரையில் புள்ளிகள் குதித்தன.

"ஆகா, என்ன துள்ளல். சம்பந்தம் பண்ணா இந்தக் குடும்பத்துல பண்ணணும்."

"இது உங்க செருப்புத் தூசி ஐயா. தண்ணியில கரைச்சேன்."

ஐயாவின் மந்திரம் நின்றது. புள்ளிகள் நிற்கவில்லை.

"தண்ணி மூலக்கூறுங்க ஓயாம இடிக்குது, தூசி ஆடுது. உயிரணுவுக்குள்ளயும் இதே இடிதான். அங்க கூட்டம் ஜாஸ்தி, முண்டியடிச்சு மெதுவா நகரும். அத்தை, உங்க எச்சிலைக் குடுங்க."

ஐயா அவளுக்கு விட்ட அந்த இரண்டாம் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். சம்பந்தியம்மாளின் புள்ளிகள் தயங்கி, நின்றேபோயின.

"எங்க வம்சமும் மந்தமா?"

"இது சர்க்கரைப் பாகு அத்தை, தொட்டாலே பிசுபிசுக்குது. அணுவுக்குள்ள இருக்கற தண்ணிய உறிஞ்சிடும். உள்ள நெரிசல் கூடி எல்லாம் நின்னுடும். யார் எச்சிலா இருந்தாலும்."

ஐயா வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே கூட்டம் நெருக்கியடித்து நின்றது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, பக்கவாட்டில் ஓர் இடி.

"இதான் நெரிசல். இப்பப் புரியுதா ஐயா?" என்றாள் மகள்.

சம்பந்தியம்மாள் என்னிடம் வந்து, "குறிச்ச நாள்லயே வெச்சுக்கலாம்," என்றார்.

"யோசிச்சுச் சொல்றோம்," என்றேன். "நீங்களும் ஒருதரம் யோசிச்சுப் பாருங்க. மூளையிலயும் உயிரணு இருக்கு. அதை அசைக்க மந்திரம் வேண்டாம்."