சைபர் போடாத கடை

"சைபர் போடச் சொன்னா ஒண்ணுன்னு ஏன் போட்ட?"

கோபிநாத் லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பிக் காட்டினான். 'வறுத்த முந்திரி, இருப்பு ஒரு கிலோ' என்றிருந்தது. அதற்குக் கீழே, கோயம்புத்தூரிலிருந்து யாரோ அந்த ஒரு கிலோவுக்கு ஆர்டரே போட்டிருந்தார். வீட்டில் இருந்ததோ காலி டப்பாக்கள்தான்.

"வெளக்கு வச்ச நேரத்துல இல்லைன்னு வாயால சொன்னாலே ஆகாது. நீங்க எழுதியே வைக்கச் சொல்றீங்க," என்றாள் சிவரஞ்சனி. "மொய்யில கூட நூத்தியொண்ணுதான வைக்கிறோம்? அதான் ஒண்ணு போட்டேன்."

"சாப்ட்வேருக்கு வெளக்கு வச்ச நேரமெல்லாம் தெரியாதும்மா."

"அப்ப அது என்னங்க சாப்ட்வேர்?"

குவைத்தில் லாரி ஓட்டி அலுத்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அறந்தாங்கிக்கே வந்துவிட்டவன் கோபிநாத். 'தங்கப்பருப்பு' என்று பெயர் வைத்து ஆன்லைனில் முந்திரி விற்கிறான். ஆர்டர்களைக் கவனிக்க ஒரு சாப்ட்வேரும் வாங்கிப் போட்டிருந்தான். கெட்டிக்காரச் சாப்ட்வேர்தான். இருப்பு சைபர் ஆனால் விற்பனையைத் தானே நிறுத்திவிடும். ஒன்று இருந்தாலும் விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் ஓயும்.

சிக்கல் என்னவென்றால், விற்ற சரக்கை வாங்கியவரே வேண்டாம் என்றால் குற்றமில்லை. கடைக்காரன் இல்லை என்று கைவிரித்தாலோ, கெடு தாண்டினாலோ, விற்பனைத் தளம் கறுப்புப் புள்ளி வைக்கும். அவன் கணக்கில் ஏற்கெனவே இரண்டு புள்ளி இருந்தது. இன்னொன்று விழுந்தால் கடையை மூடிவிடுவார்கள், மறுபடி குவைத்துதான். 'போன் மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மகள் 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்ததே இப்போதுதான்.

மறுநாள் காலையில் ஆலங்குடிக்கு பைக்கை விட்டான். அங்கே பெரியகருப்பனின் முந்திரிக் கடை பிரசித்தம். கடை திறந்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் இல்லை என்று சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை.

"வறுத்த முந்திரி ஒரு கிலோ இருக்குமாய்யா?"

அவர் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இருந்ததை வழித்துப் போட்டு ஒரு கிலோ நிறுத்தார். கோயம்புத்தூர் தலைவலி தீர்ந்தது. கோபிநாத் அத்தோடு வண்டியை எடுத்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான்.

"இன்னும் பத்து கிலோ கெடைக்குமாய்யா?"

"அதுக்கென்ன தம்பி, தாராளமா இருக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கங்க. என்ன விசேஷம்?"

நானும் முந்திரி வியாபாரிதான், கையில் சரக்கில்லை என்று இன்னொரு வியாபாரியிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "மச்சினன் கல்யாணம்," என்றான். அவனுடைய ஒரே மச்சினன் எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்ட்வேரில் பத்து என்று ஏற்றினான். சாயங்காலமே புதுக்கோட்டையிலிருந்து அமிர்தவல்லி என்ற பெண்மணி பத்தையும் மொத்தமாக ஆர்டர் போட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, ஒண்ணு போட்ட ராசி," என்றாள் சிவரஞ்சனி.

மறுநாள் பெரியகருப்பன் சிரித்த முகமாக வரவேற்றார். "சரக்கு வழியில வந்துக்கிட்டே இருக்கு தம்பி. நாளைக்கு வாங்க."

"அப்படியே இருபத்தஞ்சு சேத்துக் குடுங்கய்யா. சொந்தக்காரங்க கூடிட்டாங்க."

"கூடட்டுமே. நல்ல காரியந்தான?"

இருபத்தைந்தை ஏற்றினான். அதையும் அமிர்தவல்லியே வாங்கினார். கூடவே 'மிக அவசரம்' என்று ஒரு செய்தி. கோபிநாத் மறுபடி ஆலங்குடிக்குப் போய், "ரொம்ப அவசரம்யா," என்றான். அன்றைக்கே அமிர்தவல்லியிடமிருந்து, 'மிக மிக அவசரம்' என்று வந்தது.

விலையை ஏற்றினால் அந்தம்மா பயந்து பழைய ஆர்டரையும் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டான். பெரியகருப்பனிடம் இன்னும் ஐம்பதுக்குச் சொல்லிவைத்த தைரியத்தில் ஐம்பதை ஏற்றி, விலையை இரண்டு மடங்காக்கினான். பழைய ஆர்டர் அப்படியே இருந்தது. புது விலைக்கு ஐம்பதையும் அவரே வாங்கினார்.

"வெலை கன்னாபின்னான்னு ஏறிப்போச்சு தம்பி," என்று அலுத்துக்கொண்டார் பெரியகருப்பன். "ஊருல எங்கயும் சரக்கு இல்லாத நேரம் பாத்து எவனோ ஒருத்தன் ஏத்திவிட்டுட்டான். பேராசை புடிச்ச பய."

"நாசமாப் போவான்யா," என்றான் கோபிநாத், மனசார.

கெடு நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் பார்சல் கிளம்பாவிட்டால் கடை மூடப்படும் என்று சாப்ட்வேர் சிவப்பு எழுத்தில் மிரட்டியது. கோபிநாத் பெரியகருப்பனுக்கு போன் போட்டான். "கெளம்பிருச்சு தம்பி, இந்தா வந்துரும்," என்றார். எங்கிருந்து கிளம்பியது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மகள் காலி அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஏறிக்கங்க," என்றாள். இன்னும் கொஞ்ச நாளில் இந்த 'அப்பா'வை போனில்தான் கேட்க வேண்டும்.

வாசலில் கூரியர் வேன் நின்றது. புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி மூன்றுக்கும் ராமுதான் வண்டி ஓட்டுகிறவன். காலிப் பெட்டிகளில் முகவரி மட்டும் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தான்.

"என்னண்ணே, இன்னும் சரக்கு போடலயா? அமிர்தவல்லி அக்கா நேத்து என்னைய வறுத்தெடுத்துருச்சு. தங்கப்பருப்பு பார்சல் எங்க, எங்கன்னு."

"அந்தம்மாவ ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஆலங்குடி பெரியகருப்பன் ஐயா மகள்ல. அவருக்கு ஆன்லைன்லாம் தெரியாது. இந்தக்காதான் போன்ல பாத்து வாங்கிக் குடுக்கும்."

கோபிநாத் மெதுவாகப் பெட்டி மேல் உட்கார்ந்தான். மகள் விசில் ஊதினாள்.

"அவருக்கு எதுக்குடா இவ்வளவு முந்திரி?" என்று கேட்டான்.

"அவர் கடையில தீந்துபோயி நாலஞ்சு நாளாச்சுண்ணே. இல்லைன்னு சொல்லித்தான் பழக்கமில்லையே," என்றான் ராமு. "மச்சினன் கல்யாணம், மச்சினன் கல்யாணம்னு எவனோ ஒரு கிறுக்கன் தெனமும் பைக்குல வந்து உசுர எடுக்குறானாம். அவனுக்குக் குடுக்கத்தான் ஒங்ககிட்ட வாங்குறாங்க."