துரைத் தொப்பி விவகாரம் பற்றி றோஸ் அக்காவுக்கு

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

பாசமும் கோபமும் சம அளவில் நிறைந்த றோஸ் அக்காவுக்கு,

தம்பி வின்சன்ட் பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். கம்பளையில் உங்கள் முழங்கால் வலியும் மச்சானின் சீனி வருத்தமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கோபம் அடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருபத்திரண்டு தடவை கோல் எடுத்தும் நீங்கள் பதில் தரவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, பாருங்கள்.

"டேய் வின்சன்ட், அறுபத்தாறு வயசுல உனக்கு என்னடா கேடு? பெத்த மக கூட ஊரே பாக்க சண்டை போட்டியாமே, அதுவும் துரைத் தொப்பிய போட்டுக்கிட்டு!" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பேஸ்புக்கில் நீங்கள் பார்த்த படம் பொய் இல்லை. தொப்பி நிஜம், என் கண்ணில் மாட்டியிருந்த பித்தளைக் கண்ணாடி நிஜம், எதிரில் முறைத்துக்கொண்டு நிற்பது நம் ஜெஸ்மின் என்பதும் நிஜம். ஆனால் அது சண்டை இல்லை அக்கா, தேத்தண்ணிப் போட்டி. அந்தப் போட்டிக்கு நான் போனதே பெத்த பிள்ளை பதினொரு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாததால்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜெஸ்மின் பேராதனை யூனிவர்சிட்டியில் லெப் வேலைக்குப் போகிறாள் அல்லவா, அங்கே ஒரு கூட்டத்தோடு சேர்ந்து அவளுக்கு ஸ்டீம்பங்க் என்று ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. உலகத்தில் பெற்றோலும் கரண்டும் வராமலே போய், எல்லாமே நீராவியில் ஓடியிருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வார்களாம். அதைப் பற்றிக் கதைப் புத்தகம், கார்ட்டூன், படம், கேம் எல்லாம் மலையாகக் கிடக்கிறதாம். "பெற்றோலும் கரண்டும் இல்லாத உலகத்தைத்தான் ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல வரிசையில நின்னு பாத்தோமே, அதுக்கு எதுக்கும்மா கற்பனை?" என்று கேட்டேன். அன்றைக்கே முறைத்தாள். ஆளுக்கொரு பட்டப்பெயர், ஆளுக்கொரு பதவி. கட்டுகஸ்தோட்டை பஸாரில் பார்மசி வைத்திருக்கும் அஹ்னாப் இருக்கிறாரே, அமைதியான மனிதர், இருமல் மருந்து கொடுப்பவர், அவர் அங்கே ஆகாயக் கப்பலின் தளபதி. கப்பல் எங்கே என்று கேட்டால் இன்னும் கட்டவில்லையாம்.

நம்ம ஜெஸ்மின் மூன்று மாதம் உட்கார்ந்து முதுகில் மாட்டும் கொதிகலன் ஒன்று செய்தாள். பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் டாங்கி, செப்புக் குழாய், பித்தளை வால்வு, மேலே ஒரு அழுத்தமானி. அக்கா, பிள்ளை கைவேலையைப் பார்த்து எனக்கு மார்பு விரிந்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு குறை. பித்தளை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. முப்பத்தெட்டு வருடம் டீ பெக்டரியில் பிட்டர் வேலை பார்த்தவன் நான், ஈஸ்டருக்கு முதல் கிழமை கோயில் மெழுகுதிரித் தண்டுகளை எல்லாம் துலக்குபவனும் நான்தான், என் வீட்டில் இப்படி ஒரு பித்தளை கிடந்தால் கை சும்மா இருக்குமா? பாவம், பிள்ளைக்குத் துலக்க நேரமில்லை என்று நினைத்து, அவள் வேலைக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை அரை கிலோ புளி, ஒரு வாளி சாம்பல், அதற்கு மேல் ஒரு டின் பொலிஷ் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை உட்கார்ந்தேன். பகல் சோறுகூடச் சாப்பிடவில்லை. முடிந்தபோது என் முகமும் பின்னால் இருந்த மாமரமும் அதில் தெரிந்தன.

அந்தக் களிம்புதான் அவளுடைய வேலையே என்று எனக்கு எப்படித் தெரியும்? வினாகிரி, உப்பு, தேயிலைச் சக்கை எல்லாம் தடவித் தடவி, நூறு வருடம் பழசு போலத் தெரியவேண்டும் என்று மூன்று மாதம் பாடுபட்டிருக்கிறாள். ஐந்தரைக்கு வந்து பார்த்தவள் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானோ பல்லைக் காட்டிக்கொண்டு, "எப்படிம்மா, கடையில வாங்கினது மாதிரி இல்ல?" என்று கேட்டேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

அக்கா, அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டில் அவள் என்னோடு மட்டும் பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. மேசையில் உப்பு வேண்டும் என்றாலும் தாயிடம்தான் கேட்பாள், உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும். நானும் றீட்டாவிடம்தான் பதில் சொல்லவேண்டும். நான்காம் நாள் றீட்டா கரண்டியைக் கீழே போட்டு, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால் கந்தோரா?" என்று சத்தம் போட்டுவிட்டுத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு டீவி பக்கம் போய்விட்டாள். பிழையைத் திருத்தலாம் என்று நானும் ஒன்றிரண்டு வேலை பார்த்தேன். கொதிகலனைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எருவில் புதைத்துப் பார்த்தேன், அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டேன். களிம்பு வரவில்லை, நாற்றம்தான் வந்தது. வெட்கத்தை விட்டு பார்மசிக்குப் போய் அஹ்னாப்பிடம் அழாக்குறையாகச் சொன்னேன். தளபதி சிரிக்கவே இல்லை. "அங்கிள், சனிக்கிழம எங்கட கூட்டத்துக்கு வாங்க. தேத்தண்ணிப் போட்டியில ஒங்கட பேரும் ஈக்கி" என்றார். என் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதற்குள் பனடோல் மாத்திரை வாங்க ஆள் வந்துவிட்டது.

சனிக்கிழமை பேராதனையில் ஒரு மண்டபம். உள்ளே போனால் ஐயோ, இருநூறு பேர், ஒவ்வொருவர் தலையிலும் கண்ணாடி, தோளில் குழாய், இடுப்பில் சங்கிலிக் கடிகாரம்! தளபதியின் தங்கை ஸனா பர்தாவுக்கு மேல் விமானிக் கண்ணாடி போட்டு, கையில் சாவி கொடுத்தால் இறக்கை அடிக்கும் தகரக் காகத்தோடு நிற்கிறாள். ஒரு மூலையில் பெரிய வாக்குவாதம், உடுப்பில் பல்சக்கரத்தைச் சும்மா ஒட்டினால் போதுமா, அது சுற்றவேண்டுமா என்று. இதை வட்ஸப்பில் இரண்டு வருடமாகச் சண்டை போடுகிறார்களாம். நான் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுக்காமல், "சுத்தாத சக்கரம் எதுக்கு தம்பி, தோசையா அது?" என்றேன். பாதிப் பேர் கை தட்டினார்கள், மீதிப் பேர் என்னைத் துரோகி என்றார்கள். கை தட்டியவர்கள்தான் அந்தத் தொப்பியையும் பித்தளைக் கண்ணாடியையும் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, ஒரு நிமிடம் உடம்பு கூசியது. நம் தாத்தா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் அந்தத் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பார் என்று அப்பா சொல்வாரே. பிறகு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். துரைமார் ஒருவருக்கும் இவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது.

போட்டி இதுதான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கவேண்டும், ஆளுக்கொரு கோப்பை சூடான தேத்தண்ணி, ஆளுக்கொரு மாரி பிஸ்கட். ஐந்து எண்ணும்வரை பிஸ்கட்டை முக்கி, வெளியே எடுத்து நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். யார் கடைசிவரை பொறுத்திருந்து, உடையாமல், சிந்தாமல் வாயில் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஸ்டீம்பங்க்காரர்கள் உலகம் பூராவும் இதை மரியாதையாக ஆடுவார்களாம். மரியாதையாம்! நாற்பது வருடமாகக் காலையும் மாலையும் நான் இதைத்தானே செய்கிறேன், றீட்டா திட்டத் திட்ட! ஒரு வக்கீலைத் தோற்கடித்தேன், கொழும்பிலிருந்து வந்த ஒரு மீசைக்காரரின் பிஸ்கட் அவர் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் விழுந்தது, ஸனா காகத்தோடு சேர்ந்து சரணடைந்தாள். கடைசியில் போன வருட சம்பியனோடு மோதவேண்டும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஜெஸ்மின்.

முக்கினோம். எடுத்தோம். என் பிஸ்கட் தலை சாய்க்கிறது, அவளுடையதும் சாய்கிறது. அவள் முகத்தைப் பார்க்கிறேன், பதினொரு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் என் கண்ணை நேராகப் பார்க்கிறாள். அப்போது மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பா, காலையில சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அக்கா! எனக்குப் போட்டியும் தெரியவில்லை, இருநூறு பேரும் தெரியவில்லை. "சாப்பிட்டேன்மா, நீ சாப்பிட்டியா?" என்று வாய் நிறையக் கேட்டேன். பிஸ்கட் தொபுக்கென்று கோப்பைக்குள் விழுந்தது. அவள் தன்னுடையதை அழகாக வாயில் போட்டு மென்று, வெற்றிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்த படம் அதற்கு முந்திய நிமிடம் எடுத்தது. பாசத்தில் பிள்ளை மனது இளகிப் போய்த் தன்னை மறந்து பேசிவிட்டாள் என்பதை அந்தப் படம் காட்டுமா?

ஆகவே அக்கா, மகளும் நானும் சமாதானம். அந்தக் கூட்டத்தின் பக்கம் இனித் தலை வைத்தும் படுக்கமாட்டேன், தொப்பியை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். இனியாவது போனை எடுங்கள். மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் செபமாலையில் இந்தக் கிழவனுக்கும் ஒரு மணி உருட்டுங்கள். மாதா உங்களை முழங்கால் வலியில்லாமல் மாடிப்படி ஏறவைப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் திட்டு கேட்காமல் காது அடைத்துப்போன தம்பி,
வின்சன்ட்.

பி.கு.: நேற்றிரவு முத்திரை ஒட்டக் கொடுத்தபோது ஜெஸ்மின் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டாள். வாசித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிராளியைப் பேசவைப்பதுதான் இந்தப் போட்டியின் முதல் தந்திரமாம். என் பெயரைக் கொடுத்ததும் அவள்தானாம். "கோவம் ரெண்டு நாள்தான்ப்பா. மத்த ஒம்பது நாளும் ட்ரெய்னிங்" என்றாள். அக்கா, மார்கழியில் மறுபோட்டி. தொப்பியை இறக்கித் தூசி தட்டிவிட்டேன். அதுவரை நானும் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இன்று காலை எட்டு மணிக்கு றீட்டா முன்னிலையில் சபதம் எடுத்தேன். எட்டேகாலுக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. "குடை எடுத்தியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.