குப்புறப் படுத்து ட்ரோன் விட்ட கிம்பல் அண்ணை

உலகத்தில் ட்ரோன் விடுகிறவர்கள் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ட்ரோன் விட்ட ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கைக் கிம்பல் அண்ணைதான்.

அவருடைய உண்மையான பெயரை அவருடைய மனைவியே மறந்து கனகாலம். அவவும், “இஞ்சை கிம்பல், சோறு ஆறுது” என்றுதான் கூப்பிடுவா. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்று ஒரே பழைய கமராவைத் தோளில் சுமந்து திரிந்த மனிதர், தலை நரைத்த பிறகு புதுக் கருவிகள் பழகப் புறப்பட்டார். முதலில் வந்தது கிம்பல். நடந்துகொண்டு படம் எடுக்கும்போது கமரா ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற மோட்டார் வைத்த கைப்பிடி அது. பிடிக்கிற ஆளும் ஆடக் கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். முழங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, தாரா வாத்துப் போலக் காலையும் மாலையும் ஒழுங்கை நீளத்துக்கு நடந்தார். கையில் கமராவுக்குப் பதிலாக ஒரு கோப்பை தேத்தண்ணி. ஒரு துளி சிந்தினாலும் திரும்ப ஒழுங்கை முனைக் கோயிலடியிலிருந்து தொடங்குவார்.

எதிர்வீட்டு ரீச்சர் அக்கா ஒருநாள் அவரை வேலிக்கருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “தம்பி, மூலத்துக்குக் கருணைக்கிழங்கு நல்லது. வெக்கப்படாதையும்” என்றார்.

கிம்பல் அண்ணை கோபிக்கவில்லை. “தேத்தண்ணி சிந்தப் போகுது அக்கா, பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டு அப்படியே தாரா நடையில் போய்விட்டார்.

பழக்கம் முற்றியதும் ஒரு கலியாண வீட்டில் இறங்கினார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் முன்னால் நடந்து வர, இவர் அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். முகத்தில் முனிவர் களை. பின்னால் பாயாசக் கிடாரம் இருந்தது. நல்லவேளை, ஆறிய பாயாசம். இடுப்புவரை உள்ளே இறங்கியும் கமரா மட்டும் மயிரிழையும் ஆடவில்லை. அந்த வீடியோவில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு குலுக்கலுமில்லாமல் மெல்ல மெல்ல உயர்ந்து ஆகாயத்துக்குப் போவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

அடுத்தது, சட்டையில் குத்துகிற வயரில்லாத சின்ன மைக். அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வர வித்துவான், “தம்பி, இது தாங்காது” என்று தலையை ஆட்டினார். “தாங்கும் ஐயா, நல்ல சாமான்” என்று கிம்பல் அண்ணை அதை நாதஸ்வரத்தின் விரிந்த வாய்க்குள்ளேயே குத்திவிட்டார். வித்துவான் ஒரே ஒரு தரம் மூச்சு விட்டார். அதற்குப் பிறகு அந்த மைக் இவ்வுலகத்தில் எதையும் கேட்கவில்லை.

கடைசியில்தான் ட்ரோன் வந்தது. பறக்கவிடுவதற்கு எடுத்த அனுமதிக் கடிதத்தை லாமினேற் செய்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆடு மாடு கிட்ட வந்தாலும் அதைத் தூக்கிக் காட்டுவார். அறுவடை முடிந்த வயலில் பழக்கம் நடந்தது. கவிழ்த்த பேசின் ஒன்றின்மேல் ட்ரோனை வைப்பார். விசிறிகள் இரையத் தொடங்கியதும் நாலு எட்டு ஓடி, தொப்பென்று குப்புற விழுவார். பிறகு முகத்துக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே பறக்கவிடுவார்.

“ஏன் அண்ணை படுக்கிறியள்?”

“படுத்தாத்தான் கை ஆடாது. இது புது முறை.”

நெல்லியடிப் பக்கத்து இளம் வீடியோக்காரர் இரண்டு பேர் இதை நம்பி, தாங்களும் வயலில் படுத்துப் பழகியதாகக் கேள்வி.

இந்த மனிதரிடம்தான், பெரியபிள்ளையான என் மகள் பிருந்தாவின் சாமத்திய வீட்டு வீடியோவை ஒப்படைத்தோம். கனடாவில் இருக்கிற மச்சாள், “மேலையிருந்து எடுக்காட்டி அது ஒரு வீடியோவே?” என்று கேட்டுவிட்டா. தொண்டைமானாற்றுக் கடற்கரையில் எடுப்பதென்று முடிவாயிற்று.

நான் பயப்படுவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. கடல், வெயில், காற்று எல்லாவற்றுக்கும் பயம். ட்ரோனின் விசிறி பிள்ளையின் பின்னலில் சிக்கினால் என்ன செய்வது என்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றையும் கொண்டுபோயிருந்தேன்.

“பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு நிக்கட்டுமே அண்ணை?”

“தங்கச்சி, நாங்கள் எடுக்கப்போறது சாமத்திய வீட்டு வீடியோ. றேஸ் இல்லை.”

பிருந்தா கண்ணை மூடிக்கொண்டாள். “அம்மா, தயவுசெய்து அதைக் காருக்குள்ளை வையுங்கோ.”

சின்னப் பயங்களை எனக்கு மறைக்கத் தெரியாது. பெரிய பயம் ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். சண்டைக் காலத்தில் நாங்கள் வன்னியில் இருந்ததைப் பற்றி அவள் முன்னால் நான் வாய் திறந்ததேயில்லை. என்னுடைய அந்தப் பயம் அவளுக்கு ஒட்டக் கூடாது. அவளுக்காக நான் கடைப்பிடித்த ஒரே விரதம் அதுதான்.

கிம்பல் அண்ணை ட்ரோனை இயக்கினார். அது இரைந்துகொண்டு மேலே எழும்பியது.

அடுத்த கணம் என் வாய் நிறைய மணல். பட்டுச் சேலையோடு நான் குப்புறக் கிடந்தேன். படுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைக் கேட்காமலே உடம்பு போய்ப் படுத்துவிட்டது. வன்னியில் எங்கள் தலைக்கு மேல் இதே இரைச்சலோடு ஒரு உளவு விமானம் சுற்றும். வண்டு என்போம். அது வந்து பார்த்துவிட்டுப் போனால் பிறகு என்ன வரும் என்பதை உடம்பு இத்தனை வருடமாக மறக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலையை மெல்லத் திருப்பினேன். ஒரு முழத் தூரத்தில், ரிமோட்டைப் பிடித்தபடி, கிம்பல் அண்ணையின் முகம். நெற்றியெல்லாம் வியர்வை.

“நீங்களுமோ தங்கச்சி?”

“ஓம் அண்ணை. அப்ப உந்தப் புது முறை?”

“ஒரு முறையும் இல்லை. சத்தம் கேட்டாக் கால் நிக்குதில்லை. எழும்பத்தான் ஒவ்வொரு நாளும் பழகுறன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, குளிரும் வந்தது. அதற்குள் பிருந்தாவின் குரல் கேட்டது. “அம்மா, ரெண்டு பேரும் என்ன தேடுறியள்?”

அவர் முந்திக்கொண்டார். “அம்மாவின்ரை காதுத் தோட்டுச் சுரை விழுந்திட்டுது பிள்ளை.”

“நில்லுங்கோ, நானும் வாறன்.” அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, எங்களுக்குப் பக்கத்தில் குனிந்து முழங்காலை மணலில் ஊன்றப் போனாள். அந்த இரைச்சலுக்குக் கீழே என் பிள்ளை குனிவதைக் கண்டேன்.

“குனியாதை பிள்ளை.” அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதரின் அதட்டல் அது. “உனக்கு வெளிச்சம் வடிவா விழுது. நிமிந்து நில். மேலை பார்.”

அவள் நிமிர்ந்தாள். போய் வெட்டவெளியில் நின்று, அந்த இரைகிற சாமானை நேராகப் பார்த்துக் கை காட்டினாள். அது ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளி என்பது போல.

வீடியோ வந்த அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் காட்சியே மேலேயிருந்து எடுத்தது. வெள்ளை மணல், நீலக் கடல், நடுவில் அவள் ஒருத்தி அண்ணாந்து சிரிக்கிறாள். வேறு ஒருவரும் இல்லை. கனடா மச்சாள் போனில் அழுதே விட்டா.

மறுநாள் அவரை ஒழுங்கையில் பிடித்துக் கேட்டேன். “அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் உதுக்குள்ளை கிடந்திருப்பமே?”

“கிடந்தனாங்கள்தான். வெட்டிப்போட்டன். பிள்ளை மட்டும் நிக்கட்டும்.”

இப்போதும் வயல் பக்கமிருந்து அந்த இரைச்சல் வந்தால் என் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடுகிறது. அவரும் அங்கே குப்புறத்தான் கிடப்பார் என்று தெரியும். போன கிழமை சந்தையில் ஒரு பனையோலைப் பாய் வாங்கிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். எழும்பிப் பழகும் வரைக்கும், பாவம், அந்த மனிதர் ஏன் வெறும் நிலத்தில் படுக்க வேண்டும்.