ஏழு கோட்டை இளவரசியும் வெள்ளவத்தைப் புரோக்கரும்

எந்த இராச்சியத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாலும், அதில் யார் யாருக்கு மச்சான், யார் யாருக்குச் சம்பந்தி, யார் வீட்டோடு யார் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பதை அரை மணித்தியாலத்தில் பிரித்துச் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தார். பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் புரோக்கர் அங்கிள். கல்யாணப் புரோக்கர்.

கொழும்பில் என்னோடு இருந்த தங்கச்சி வானதிக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பை, யாழ்ப்பாணத்தில் இருந்தபடி அப்பா அவரிடம் ஒப்படைத்திருந்தார். வானதி கொட்டாஞ்சேனை அன்ரனை விரும்புகிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்ரன் துறைமுகத்தில் கிளார்க், கத்தோலிக்கன். அப்பா ஊரில் கோயில் திருவிழாவையே முன்னின்று நடத்துகிறவர். தெரிந்தும் அண்ணன்காரன் வாயைத் திறக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அப்பாவின் குரலை நீங்கள் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கிள் மாப்பிள்ளைமாரின் சாதகக் கட்டோடு வந்தபோது நான் இணையத்தில் வாராவாரம் வரும் ஒரு தொடரை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை. ஏழு கோட்டைகள், கட்டிலோடு கிடக்கும் ஓர் அரசன், முடிக்காக அடிபடும் இரண்டு ஆண்பிள்ளைகள், நடுவில் ஓர் இளவரசி. பிரபுக்கள் ஏறிப் பறப்பதற்கு வீட்டளவு கழுகுகள். முதன்முறை பார்க்கிற எவனும் கழுகைப் பார்த்து வாயைப் பிளப்பான். அங்கிள் கழுகில் இருந்தவனைப் பார்த்தார்.

"ஆர் தம்பி இது? ஆற்றை மகன்?"

இன்னாருடைய மகன் என்று சொன்னேன். அப்படியென்றால் தாய் எந்தக் கோட்டை என்றார். அதையும் சொன்னேன்.

"அந்தக் கழுகு முதுசமோ, சீதனமோ, தேடியதேட்டமோ?"

யாழ்ப்பாணத்துச் சொத்து இந்த மூன்றுக்குள் ஒன்றில் அடங்கியாக வேண்டும். தகப்பன் வழியில் வந்தது, பெண்ணோடு வந்தது, தானாகச் சம்பாதித்தது. கழுகு தாயின் சீதனம், முறைப்படி பெண்பிள்ளைக்குச் சேரவேண்டியது என்று தெரிந்ததும் சாதகக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, சண்டைக்குக் காரணம் இப்போது விளங்குகிறது என்று கதிரையில் சாய்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் வந்தார்.

ஒரே ஒரு சிக்கல். தொடர் வெளியாகும் நேரம் காலை ஏழரை. திங்கட்கிழமை ராகு காலமும் ஏழரைக்குத்தான் தொடங்குகிறது. ராகு காலத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக்கூடாது, ஆரம்பித்ததைத் தொடரலாம் என்பது அவருடைய சட்டம். ஆகவே ஏழு இருபதுக்கே வந்து, போன கிழமைப் பகுதியின் கடைசிக் காட்சியைப் போடச் சொல்வார். ராகு அதை ஒரே அலுவல் என்று நினைத்துக்கொள்ளுமாம்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பார். கையில் அகப்பட்ட கடதாசியின் பின்பக்கத்தில் வம்சாவளி வரைவார். அந்தக் கடதாசிகளில் ஒன்று யாரோ ஒரு மாப்பிள்ளையின் சாதகமாக இருந்துவிட்டது. பெண்வீட்டார் திருப்பிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு நஞ்சு வைத்தது யார் என்று கேட்டு அழைத்தார்கள். இன்னொரு நாள் மரக்கறிக் கடையில் நின்று என்னோடு அந்த வாரக் கதையை அலசினார். ஒரே பெண்பிள்ளை, ஏழு இடத்தில் வீடு, தகப்பன் படுக்கை, அண்ணன்மார் இரண்டு பேரும் கோடேறி வழக்காடி நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிய ஓர் அம்மா, அண்ணன்மார் எப்படியும் போகட்டும், என்னுடைய மகன் கனடாவில் என்று கைப்பையிலிருந்து சாதகத்தை எடுத்தார். அங்கிள் அதை வாங்கி விரித்து, நட்சத்திரம் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் இது டிவிக் கதை என்ற விஷயத்தைச் சொன்னார். அவ்வளவு விடுப்பு, ஊர்ப் புதினம் அறியும் ஆசை, அவருக்கு.

இதற்கிடையில் லண்டன் மாப்பிள்ளை ஒருவர் பொருந்திவிட்டார். தாய்க்காரி அங்கிளோடும் உறவுக்காரரோடும் வந்து வானதியைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த திங்கள், ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு அப்பா போனில் அழைப்பார், அங்கிள் சரி என்று சொன்னால் எழுத்துக்கு, அதாவது கல்யாணப் பதிவுக்கு, நாள் வைப்பார்கள் என்று முடிவாயிற்று. வானதி அந்தக் கிழமை முழுக்க அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. லண்டன் விஷயத்தை அன்ரனிடம் சொல்லிவிட்டதாக மட்டும் என்னிடம் சொன்னாள். நான் அப்போதும் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் திங்கள்தான் தொடரின் கடைசிப் பகுதி. சபையில் ஏழு பிரபுக்களும் கூடி, மேற்குக் கோட்டைக்காரனின் மகனைக் கட்டச் சம்மதமா என்று இளவரசியைக் கேட்கிறார்கள். அவள் எழுந்து, ஏழு பேருக்கும் தன் கையால் மது வார்த்துக் கொடுத்துவிட்டு, சம்மதம் என்கிறாள். பொருத்தமான இடம் என்று முதல் வாரத்திலிருந்தே சொல்லி வந்த அங்கிள் துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் காட்சியைப் பின்னுக்கு விடச் சொன்னார். மூன்று தரம் விட்டேன்.

"இந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லைத் தம்பி."

"ஓம் எண்டுதானே அங்கிள் சொல்லுறாள்."

"சொல்லுவாள். கையைப் பார். ஏழு கோப்பை வாத்தவள், ஒரு சொட்டும் சிந்தேல்லை. விருப்பமுள்ள பிள்ளைக்குக் கை நடுங்கும். எத்தினை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சவன் நான்."

சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினார். வானதி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து நின்றாள்.

"போன கிழமை அந்த லண்டன் அம்மாவுக்கும் ஆக்களுக்கும் நீதானே பிள்ளை தேத்தண்ணி கொண்டந்தனீ?"

"ஓம் அங்கிள்."

"ஆறு கோப்பை. தட்டிலை ஒரு சொட்டு இல்லை."

வானதி ஒரு கிழமை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடப்பிறந்தவன் நான், கேட்டவர் அவர்.

"ஆரம்மா?" என்றார்.

"கொட்டாஞ்சேனை. அன்ரன் எண்டு பேர்."

இனி இடி விழும் என்று காத்திருந்தேன். அங்கிள் ஒரு கடதாசியை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பேனையைத் திறந்தார்.

"ஆற்றை மகன்?"

டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்கு அப்பா அழைத்தார். லண்டன் சரிவராது, பிள்ளைக்கு விருப்பமில்லை, அதை முதலே கேட்காமல் விட்டது என்னுடைய பிழை என்றார் அங்கிள். அப்பா போட்ட சத்தம் போனிலிருந்து சமையலறை வரை வந்தது. அங்கிள் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சத்தம் அடங்கியதும் கிட்டக் கொண்டுவந்து, இன்னோர் இடம் இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தார்.

மூன்று நாள் கொட்டாஞ்சேனையில் விசாரித்தார். தேவாலயம், பேக்கரி, துறைமுகக் கன்ரீன், கடைசியாக ஆட்டோத் தரிப்பிடம். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தம்பி என்பதற்கு மல்லி, மல்லி என்று ஆட்டோக்காரர்களைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மூன்று ஆட்டோக்காரரும் அன்ரனை நல்லவன் என்றார்களாம். மூன்று ஆட்டோக்காரர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று வந்து சொன்னார். அன்ரனின் நாலு தலைமுறையும் கையில் இருந்தது. அடுத்த நாள் யாழ்ப்பாணம் ரயிலேறினார்.

அங்கே நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். வந்த மனிதரைப் போ என்று சொல்லவும் முடியாமல், முகங்கொடுத்துக் கதைக்கவும் மாட்டாமல் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கிள் அன்ரனைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏழு கோட்டைக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார், யார் யாருடைய பிள்ளை என்ற விவரங்களோடு. இரண்டு நாள் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறார். இளவரசி சம்மதம் என்று சொன்ன இடத்தில் அங்கிள் நிறுத்திவிட்டு எழுந்து வெற்றிலை போடப் போனார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"பிறகு அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?"

"தெரியாது ஐயா. மிச்சத்தை நான் பாக்கேல்லை. உங்கட பிள்ளை அழுதுகொண்டு நிண்டது."

அப்பா அதற்குப் பிறகு பேப்பரைத் திறக்கவில்லை என்று அம்மா சொன்னார். பின்னேரம் போல, அந்தப் பொடியனை ஒருக்கா வரச் சொல்லுங்கோ என்றாராம்.

கல்யாணம் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் நடந்தது. புரோக்கர்மார் கல்யாணப் படங்களில் நிற்பதில்லை. புரோக்கர் மூலம் வந்த சம்பந்தம் என்று வெளியே தெரிவதை யாரும் விரும்புவதில்லை, அவர்களும் சாப்பிட்டதும் மெல்ல நழுவிவிடுவார்கள். அங்கிளும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வானதி சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கையில் பிடித்து இழுத்துவந்தாள். படக்காரர், குடும்ப ஆட்கள் மட்டும் நில்லுங்கோ, இவர் ஆர் என்று கேட்டார்.

அப்பா ஓர் அடி நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்ரை தம்பி" என்றார்.